கல்லீரல் காயம்: எந்த வரியைப் பார்ப்பது, எப்போது கிளம்புவது

கல்லீரல் செயல்பாட்டைப் பார்க்கும் எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனையின் முடிவுத் தாளில் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். சென்னைக்குத் தெற்கே ஊரப்பாக்கத்தில் காலையில் ஏதாவதொரு லேபில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் முடிவு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வந்தவுடன் வீட்டில் எல்லோரும் பார்ப்பது பிலிருபின் வரியைத்தான். நாலா, பத்தா என்று கேட்டு, போன வருஷம் அதே தெருவில் காமாலை வந்தவருடைய எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். பிலிருபின் 15 உள்ள ஒருவர் சில வாரங்களில் முழுதாகத் தேறிவிடலாம். 4 உள்ள இன்னொருவர் மறுநாளே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரலாம். எவ்வளவு மஞ்சள் என்பதைவிட, எதனால் வந்தது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயத்தை அந்த இரண்டு கேள்விகளுக்காகவே எழுதுகிறேன்.

தாளைப் படிக்கும் முறை

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதிகள். செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். பெரும்பாலான லேபுகள் 40 வரை இயல்பு என்று குறிக்கின்றன. கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கு 60, 80, 100 என்று நிற்கும். ஆயிரத்தைத் தாண்டினால் வைரஸ், மருந்து, விஷம், அல்லது ரத்த ஓட்டம் திடீரெனக் குறைந்த நிலை என்று மருத்துவர் யோசிக்கத் தொடங்குவார். மதுவால் வந்த பாதிப்பில் எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது வழக்கம். அல்கலைன் பாஸ்பேட்டேஸ் மட்டும் தனியாக ஏறி, உடம்பில் அரிப்பும் வெளிறிய மலமும் இருந்தால் பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கிறதா என்று வயிற்று ஸ்கேன் பார்க்க வேண்டும். அது மாத்திரையில் கரையும் காமாலை அல்ல.

பிலிருபின் ஒன்றுக்குள் இருப்பது இயல்பு. இரண்டரை, மூன்றைத் தாண்டினால்தான் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரியும். நொதிகள் சரியாக இருந்து, பட்டினி கிடந்த நாளிலோ காய்ச்சலிலோ பிலிருபின் மட்டும் இரண்டு, மூன்று என்று ஏறி இறங்கும் இளைஞர்கள் பலர் உண்டு. அது பிறவியிலேயே அமைந்த கில்பர்ட் என்னும் தன்மை. அதற்குச் சிகிச்சையே தேவையில்லை.

பலர் கேட்காமல் விட்டுவிடுவது, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் பி.டி.-ஐ.என்.ஆர். பரிசோதனை. சாதாரண எல்.எஃப்.டி. தொகுப்பில் இது சேராது, தனியாகச் சொல்லி எடுக்க வேண்டும். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் நாள்தோறும் புதிதாகத் தயாரிக்கிறது. அவற்றில் சிலவற்றின் ஆயுள் சில மணி நேரம்தான். அதனால் இன்று கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஐ.என்.ஆர். இன்றே காட்டிக்கொடுக்கும். ஆல்புமின் அப்படியல்ல, அது குறைய வாரக்கணக்காகும். காமாலையோடு ஐ.என்.ஆர். 1.5-ஐ எட்டினால் அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நொதிகள் மூவாயிரத்திலிருந்து ஐந்நூறுக்கு இறங்கியதைப் பார்த்து வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஐ.என்.ஆரும் கூடவே இறங்கினால் நிம்மதி சரிதான். அது ஏறிக்கொண்டிருந்தால், சிதைவதற்கு மிச்சம் செல்கள் இல்லாததால்தான் நொதி குறைகிறது என்று பொருள். காமாலை உள்ளவர் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, கையெழுத்து கோணினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ எந்த எண்ணையும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

டி.பி. மாத்திரையும் கல்லீரலும்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரே காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. 1928-இல் டாக்டர் சவரி முத்து தொடங்கிய அந்தச் சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நோயாளி மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க வேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியதும் சென்னைதான். 1950-களின் கடைசியில் இங்கே நடந்த அந்த ஆய்வு பெரும் வரம். ஆனால் ஒரு பொறுப்பும் கூடவே வந்தது. மருந்து வீட்டில் என்றால், பக்கவிளைவைக் கண்காணிப்பதும் வீட்டில்தான்.

இந்தியாவில் மருந்தால் வரும் கல்லீரல் காயத்துக்கு முதல் காரணம் காசநோய் மாத்திரைகள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 313 பேரில் 58 சதவீதம் பேருக்கு இவையே காரணம். மொத்தத்தில் 17 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் ஆகிய நான்கில் முதல் மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை, பைரசினமைடு அதிகமாக. பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களில்தான் இது நடக்கும். வயதானவர்கள், மெலிந்து போனவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், ஹெபடைடிஸ் பி, சி அல்லது எச்.ஐ.வி. உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைப் பயந்து நிறுத்தக் கூடாது. சிகிச்சை எடுக்காத காசநோய் ஆளைக் கொல்லும், மற்றவர்களுக்கும் பரவும். பெரும்பான்மையோர் ஆறு மாதமும் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடித்துவிடுகிறார்கள்.

சிறுநீரின் நிறத்தில்தான் குழப்பம் வருகிறது. ரிஃபாம்பிசின் சாப்பிட்ட முதல் நாளிலிருந்தே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அது மருந்தின் சாயம், பயம் வேண்டாம். பல வாரம் ஒரே ஆரஞ்சாக இருந்தது திடீரெனக் கடுங்காப்பி நிறத்துக்கு மாறினாலோ, சோற்றைக் கண்டாலே குமட்டினாலோ, வாந்தி நிற்காமல் இருந்தாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, சொல்ல முடியாத அசதி வந்தாலோ, அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருந்து கொடுத்த மையத்துக்குப் போங்கள். ஒன்றிரண்டு நாள் பார்க்கலாம் என்பதுதான் இங்கே ஆளைக் கொல்லும் எண்ணம். மருந்தால் நொதிகள் ஏறிய நிலையில் கண்ணும் மஞ்சளாகிவிட்டால் பத்தில் ஒருவர் இறக்கிறார் என்று ஹைமன் சிம்மர்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கணித்தார். அந்தக் கணிப்பு இன்றும் பொருந்துகிறது.

மருத்துவர் என்ன செய்வார்? அறிகுறியோடு எஸ்.ஜி.பி.டி. இயல்பைவிட மூன்று மடங்கு ஏறியிருந்தாலோ, அறிகுறியே இல்லாமல் ஐந்து மடங்கு ஏறியிருந்தாலோ கல்லீரலைத் தொடும் மூன்று மருந்துகளையும் நிறுத்துவார். காசநோய் முற்றியிருந்தால் கல்லீரலை அதிகம் பாதிக்காத மாற்று மருந்துகளால் இடைவெளியை நிரப்புவார். எண்கள் இறங்கிய பிறகு ஒவ்வொரு மருந்தாக, சில நாள் இடைவெளியில், ரத்தம் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தொடங்குவார். பாதிப்பு கடுமையாக இருந்தவர்களுக்குப் பைரசினமைடைத் திரும்பக் கொடுப்பதில்லை. அதனால் சிகிச்சைக் காலம் நீளலாம். இந்த வரிசையை வீட்டிலிருந்தபடி தாமாகச் செய்ய முடியாது. கண் தெளிந்தவுடன் பழைய அட்டையைப் பிரித்து மறுபடி விழுங்குவது மிக ஆபத்து.

காய்ச்சல் மாத்திரை

பாராசிட்டமால் நல்ல மருந்து, அளவுக்குள் இருந்தால். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். டோலோ 650 ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். அதோடு சளிக்கென்று மருந்துக்கடையில் வாங்கும் கூட்டு மாத்திரையிலும், மூட்டுவலிக்கான கூட்டு மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். பெயர் வேறு, பெட்டி வேறு, உள்ளே இருப்பது ஒன்று. சாப்பிட முடியாமல் படுத்திருப்பவருக்கும் தினமும் குடிப்பவருக்கும் வரம்பு இன்னும் கீழே, இரண்டு கிராம் அளவில்.

அளவு மீறினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் நொதிகள் ஏறும். இதற்கு முறிவு மருந்து இருக்கிறது. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்பது அதன் பெயர். எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். தாமதமானாலும் கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல் சேரும். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் மூன்றுமே கல்லீரலைத் தொடும். இந்தக் காய்ச்சல்களில் அடிக்கடி பாராசிட்டமால் போட்டால் இரண்டு அடி ஒரே இடத்தில் விழுகிறது. உண்ணிக் காய்ச்சலில் அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். அதைத் தேடிப் பார்த்து மருத்துவரிடம் சொன்னால் விலை குறைந்த டாக்சிசைக்ளினிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

கீழாநெல்லி

இதைப் பேசாமல் இந்த ஊரில் கல்லீரலைப் பற்றிப் பேச முடியாது. நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே, 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்காத குடும்பம் நம் பக்கத்தில் அரிது.

அறிவியலும் அதை மதித்துச் சோதித்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பெற்ற பாரூக் பிளம்பர்க் ஆகியோர் அடங்கிய குழு 1988-இல் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. முப்பது நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி மருந்தாகும் என்று சொல்ல இன்று போதுமான ஆதாரம் இல்லை.

பிறகு ஏன் அத்தனை பேருக்குக் குணமாகிறது? தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குத் தாமாகவே சரியாகிவிடும். அந்த வாரங்களில் எதைச் சாப்பிட்டாலும் பெயர் அதற்குப் போகும். எனக்கு இருக்கும் கவலை கீழாநெல்லி மேல் அல்ல. அதை நம்பி ஐ.என்.ஆர். பார்க்காமல் கழியும் இரண்டு வாரத்தின் மேல்தான். மந்திரிப்பதும் கையில் சூடு போடுவதும் அந்த இரண்டு வாரத்தைத் தின்கின்றன. உப்பில்லாப் பத்தியம் ஆளை இன்னும் சோர்வாக்குகிறது. காமாலைக்காரருக்குச் சோறு, பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் தேவை. வயிறு ஏற்பதைக் கொடுங்கள்.

மூலிகை என்பதாலேயே கேடில்லாதது என்றும் நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கஷாயமும் மாத்திரையும் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அதைத் தொடர்ந்து பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. ஆனாலும் தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் சீந்திலைத் தவிர்ப்பதே சரி என்பது என் முடிவு. உடல் இளைக்கும் பொடி, ஜிம் பவுடர், கிரீன் டீ சாறு மாத்திரை எல்லாவற்றையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சித்த மருத்துவம் எடுப்பதானால் பட்டம் பெற்றவரிடம், பெயர் எழுதிய சீட்டோடு எடுங்கள்.

தண்ணீர்

செப்டிக் டேங்கும் போர்வெல்லும் ஒரே மனையில் சில அடி தூரத்தில் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். மழையில் சம்ப்புக்குள் வெளித்தண்ணீர் இறங்கும். ஹெபடைடிஸ் ஏ-யும் இ-யும் அந்த வழியாகத்தான் வருகின்றன. வைரஸ் உள்ளே போய்க் காமாலை தெரிய இரண்டு முதல் ஆறு வாரம், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். அதாவது டிசம்பரில் கண் மஞ்சளானால் காரணம் நவம்பர் மாதத்துத் தண்ணீர். நேற்றுச் சாப்பிட்ட பிரியாணியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே அடுக்ககத்தில் இரண்டு பேருக்குக் காமாலை என்றால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்து, சம்ப்பைக் கழுவிக் குளோரின் போடச் செய்யுங்கள். கேன் தண்ணீரை மட்டும் நம்பாமல் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

ஏ, இ இரண்டும் தாமாகவே சரியாகிவிடும் என்ற ஆறுதல் கர்ப்பிணிகளுக்கு மட்டும் பொருந்தாது. கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் இ வந்தால் ஐந்தில் ஒருவர் வரை இறக்க நேரிடுகிறது. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அதே நாளில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போய்விட வேண்டும். ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டுக்கு நேரடி மின்சார ரயில் உண்டு. உடல்நிலை மோசமாக இருந்தால் 108.

எலி பேஸ்ட்

தமிழ்நாட்டுக் கல்லீரல் வார்டுகளின் தனித்த துயரம் இது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டின் விற்பனையை மாநில அரசு தடை செய்துவிட்டது. பழைய டியூப் இன்னும் அடுப்படி அலமாரியிலோ பரணிலோ இருக்கலாம். இன்றே தேடி எடுத்து, குழந்தை கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

வாயில் போனால் முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி. பிறகு ஒன்றிரண்டு நாள் முற்றிலும் நன்றாக இருப்பது போலத் தோன்றும். பிழைத்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்து வருவது அப்போதுதான். மூன்றாம் நாளுக்கு மேல் கல்லீரல் சரியத் தொடங்கும். ஆகவே ஆள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மருத்துவமனையிலேயே இருந்து தினமும் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். இதற்கென்று தனி முறிவு மருந்து இல்லை. என்-அசிட்டைல்சிஸ்டீன் கொடுக்கிறார்கள். ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து நல்ல பிளாஸ்மா ஏற்றும் முறையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று பலரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வீட்டில் பால், நெய், எண்ணெய், பச்சை முட்டை எதுவும் கொடுக்காதீர்கள். கொழுப்பில் பாஸ்பரஸ் கரைந்து உடம்பில் ஏறும். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. டியூபையோ பெட்டியையோ கையோடு எடுத்துப் போங்கள், ஏனென்றால் எல்லா எலி மருந்தும் ஒன்றல்ல. கேக் வடிவத்தில் வரும் பல எலி மருந்துகள் கல்லீரலைச் சிதைக்காமல் ரத்தம் உறைவதை மட்டும் தடுப்பவை. வைட்டமின் கே ஊசியால் அவற்றை முறிக்கலாம். புகையும் வகைகள் நெடியிலேயே கொல்லும். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். எலிக்குப் பொறியே போதும்.

இதை வேதனையில் விழுங்கியவர்களும் உண்டு. அவர்களைத் திட்டாதீர்கள், காரணம் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். மனம் தாங்கவில்லை என்றால் 104-லும் 14416-லும் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ரத்தத்தால் வருபவை, பச்சிளங்குழந்தை

மது, கொழுப்பு இரண்டும் மெல்லக் கெடுப்பவை. அவற்றுக்கு அடுத்த அத்தியாயம் முழுதும் இருக்கிறது. ரத்தத்தால் பரவுபவற்றில் ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியும் கட்டுப்படுத்தும் மாத்திரையும் உண்டு. ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் பன்னிரண்டு வார மாத்திரையில் குணமாகிவிடும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். பித்தக்குழாய் உருவாகாமல் போயிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் நல்ல பலன். 1998 நவம்பரில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று இந்த நோய்க்காகத்தான் நடந்தது. குழந்தையின் ஊர் காஞ்சிபுரம். கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அப்பா. அறுவை டெல்லி அப்போலோவில்.

இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2009-இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் முதல் கல்லீரல் மாற்றைச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை செய்தது. லண்டனில் 1997-இல் ஐந்து நாள் சிசுவுக்குக் கல்லீரல் மாற்றிய முகமது ரேலாவின் மருத்துவமனை 2018 முதல் நம் குரோம்பேட்டையிலேயே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் சேரும். ஆனால் மாற்று அறுவைக்கான நேரம் மிகக் குறுகியது. மூளை பாதிக்கப்பட்டு நோயாளி மயங்கிய பிறகு சில நாள்கூடக் கிடைக்காது. ஐ.என்.ஆர். ஏறத் தொடங்கும்போதே, நீங்கள் இருக்கும் மருத்துவமனையில் கல்லீரல் மாற்று வசதி இல்லையென்றால், வசதி உள்ள இடத்தோடு பேசச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது அவரை அவமதிப்பதாகாது.

போகும்போது கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும், கஷாயப் பொட்டலத்தையும், பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளையும், ஆதார், காப்பீட்டு அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் யாராவது இந்த மாதம் டி.பி. மாத்திரை தொடங்கியிருந்து இன்னும் எல்.எஃப்.டி. எடுக்கவில்லை என்றால், நாளைக் காலையே எடுத்துவிடுங்கள்.